விமானத்துக்கும் ஒரு மூஞ்சி வேணும்!

ஆஸ்திரேலியா கிரிக்கெட் ஆடுகிற நாளில் கேலரியைக் கவனித்திருக்கிறீர்களா? பச்சைத் துணியில் ஒரு மஞ்சள் கங்காரு நிற்கும். இரண்டு கையிலும் சிவப்பு கிளவுஸ். 'வர்றியா, ஒரு கை பார்க்கலாமா?' என்று கேட்கிற தோரணை. நம் பேட்ஸ்மேன் அவுட்டாகும்போதெல்லாம் அந்தக் கங்காரு லேசாகச் சிரிப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தக் கொடி உலகம் பூராவும் பிரபலமானது 1983-ல். அமெரிக்கா கோப்பை படகுப் பந்தயத்தில் அமெரிக்கர்களைத் தோற்கடித்த 'ஆஸ்திரேலியா 2' என்ற படகில் அது பறந்தது. ஆனால் நம் கிளவுஸ் கங்காரு அதற்கு 42 வருஷம் முன்பே சண்டைக்குப் போய்வந்த ஆசாமி!

1941. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலிய விமானப் படையின் 21-ம் நம்பர் ஸ்குவாட்ரன் இருந்தது. அவர்களிடம் இருந்தவை 'பஃபலோ' என்ற சண்டை விமானங்கள். பெயருக்கேற்ற உடம்பு. எருமை மாதிரி குண்டு. பக்கத்திலேயே பிரிட்டிஷ்காரர்களும் அதே விமானத்தை, அதே பெயிண்டோடு வைத்திருந்தார்கள். எது யாருடையது? ஆஸ்திரேலியப் பையன்கள் யோசித்தார்கள். கிளவுஸ் போட்ட கங்காருவை விமானத்தில் வரைந்துவிட்டார்கள். தீர்ந்தது குழப்பம்.

டிசம்பர் 8. கெடா மாநிலத்தில், தமிழர்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சுங்கை பட்டாணி விமானத் தளத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். எருமையால் ஜப்பான் விமானங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பிப்ரவரி 15, 1942-ல் சிங்கப்பூரே சரணடைந்தது. கங்காரு வரைந்த விமானங்களில் பல, வரைந்த பெயிண்ட் மங்குவதற்குள் போய்ச் சேர்ந்தன.

நாளைக்குத் திரும்பி வருமா என்று தெரியாத ஒரு இயந்திரம். சர்க்கார் சொத்து வேறு. அதில் போய் உட்கார்ந்து ஒருத்தன் பொறுமையாகப் படம் வரைகிறானே, ஏன்?

புளியரையில் ஒரு பாடம்

இதற்குப் பதில் எங்கள் ஊர்ப் பக்கம் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே புளியரை செக்போஸ்ட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். கொல்லம் ரோட்டில் மலை ஏறக் காத்திருக்கும் லாரிகளைப் பாருங்கள். பம்பருக்கு மேலே மீசை வைத்த பூதம். நாக்கு வெளியே தொங்கும். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இரண்டு முட்டைக்கண். நெற்றியில் 'மகமாயி துணை'. கதவோரம் குழந்தைகள் பெயர். பின்னால் ஒரு தாமரை, ஒரு கிளி, ஒரு பொன்மொழி.

பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு புனலூர் போகிற ஒரு டிரைவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பூதம் எதுக்கு?"

"திருஷ்டிக்குத்தான் தம்பி. வேற என்ன?"

"சரி... கண்ணு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டிக்கு மூஞ்சின்னு ஒண்ணு வேண்டாமா? ராத்திரி ரெண்டு மணிக்கு மலையில இதுகூடத்தான கெடக்கேன். நம்பரைப் பார்த்துப் பேச முடியுமாவே?"

நான் இதுவரை படித்த எல்லாப் புத்தகத்தையும்விட அந்த அண்ணாச்சி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

ஏனென்றால் சண்டை விமானம் என்பது காகிதத்தில் வெறும் நம்பர். ஆஸ்திரேலிய விமானப் படை அதை நம் ஆபீஸ் ஃபைல் மாதிரியே நம்பர் போட்டு வைத்திருந்தது. உதாரணமாக 'ஏ29-133'. 'ஏ' என்றால் ஆஸ்திரேலியா. 29 என்றால் கிட்டிஹாக் ரகம். 133 என்றால் அந்த ரகத்தில் 133-வது. ஹெட்கிளார்க் மெச்சுகிற ஒழுங்கு! ஆனால் அதற்குப் பெயிண்டில் எழுதிய ஒரு பெயரும் உண்டு: 'பாலி'. 1942-ல் நியூகினியாவின் மில்ன் விரிகுடாச் சண்டையில் இருந்த விமானம் இது. இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் 'ஏ29-133 எங்கே?' என்று கேட்பதில்லை. 'பாலி எங்கே?' என்றுதான் கேட்பார்கள்.

பெயிண்டர் யார்?

வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியர்கள் இல்லை. தரையில் வேலை பார்த்த ஃபிட்டர், மெக்கானிக், எலெக்ட்ரீஷியன். ஊரில் கடை போர்டு எழுதிய ஒருத்தன் படையில் சேர்ந்திருந்தால் அவனுக்கு ஏக கிராக்கி. பெயிண்ட், விமானத்துக்குப் பூசி மிஞ்சியது. மாடல், கையில் கிடைத்த பத்திரிகை.

பத்திரிகை என்றதும் இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. ஆமாம் சார், அதேதான்! குறைந்தபட்ச உடையில் புன்னகைக்கும் பெண்கள் நிறைய விமானங்களின் மூக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் 'எஸ்கொயர்' பத்திரிகையில் வர்காஸ் என்ற ஓவியர் போட்ட படங்களைப் பார்த்து ஊர் ஊராகக் காப்பி அடித்தார்கள். வீட்டை விட்டுப் பல ஆயிரம் மைல் தள்ளி, இருபத்திரண்டு வயதில், தகரக் கொட்டகையில் தூங்குகிறவனிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அதிகாரிகள் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தார்கள்.

டொனால்ட் டக்கும் சண்டைக்குப் போனார். வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ யுத்த காலத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சின்னங்களைப் படைப் பிரிவுகளுக்கு இலவசமாக வரைந்து கொடுத்தது.

ரொம்பப் பேர் பார்த்துப் பயந்த படம், சுறா வாய். மூக்குக்குக் கீழே காற்று போகிற பெரிய துவாரம். அதைச் சுற்றிச் சிவப்பு உதடு, வெள்ளைப் பல், மேலே ஒரு கண். முதலில் இதை வைத்திருந்தது ஒரு ஜெர்மன் படைப் பிரிவு. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் 112-ம் ஸ்குவாட்ரன் அதைப் பார்த்துத் தங்கள் விமானங்களில் வரைந்துகொண்டது. அந்த விமானத்தின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கப் 'பறக்கும் புலிகள்' வரைந்துகொண்டார்கள். புலி என்று பெயர், சுறா என்று மூஞ்சி! எதிரியிடமே காப்பி அடித்த 112-ம் ஸ்குவாட்ரனுக்கு 1942 ஜனவரியில் தலைவராக வந்தவர் ஒரு ஆஸ்திரேலியர். கிளைவ் கால்ட்வெல். ஆஸ்திரேலியாவில் அதிக விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவர் அவர்தான்.

மஞ்சள் குண்டும் கூட்டு வட்டியும்

நான் பி.காம். அழகான பெண், பயங்கரமான சுறா இரண்டையும் தாண்டி என் கண் போய் நிற்பது விமானத்தின் பக்கவாட்டில் வரிசையாக வரைந்திருக்கும் சின்னச் சின்னக் குண்டுகளில்தான். அது அலங்காரம் இல்லை. கணக்கு. ஒரு முறை குண்டு போட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு குண்டு வரைவார்கள். இத்தாலிக்குப் போய்வந்தால் சில விமானங்களில் குண்டுக்குப் பதில் கோன் ஐஸ்க்ரீம்! அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சாமான் கொண்டுபோன அமெரிக்க விமானங்களில் ஒரு பயணத்துக்கு ஒரு ஒட்டகம்.

இந்தக் கணக்கின் அர்த்தம் புரிய நம்ம கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட வேண்டும். பிரிட்டனிலிருந்து ஜெர்மனிக்கு ராத்திரியில் போகும் குண்டு விமானங்களில், நூற்றுக்கு நாலு திரும்பி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுதானே, பரவாயில்லை என்று தோன்றும். ஒரு சிப்பந்தி வழக்கமாக 30 முறை போய்வர வேண்டும். முதல் ராத்திரி 100-ல் 96 மிஞ்சும். அடுத்த ராத்திரி அந்த 96-ல் நாலு சதவீதம் போகும். இப்படியே முப்பது ராத்திரி பெருக்கிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது 29. மீதி 71 பேர் கணக்கில் இல்லை.

இது வெறும் பரீட்சைக் கணக்கு அல்ல. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். அவர்களில் ஆஸ்திரேலியர்கள் சுமார் 3,500. ஆஸ்திரேலியாவின் 460-ம் ஸ்குவாட்ரன் என்ற ஒரே ஒரு பிரிவு மட்டும் 1,018 பேரை இழந்தது.

அதே 460-ம் ஸ்குவாட்ரனின் லங்காஸ்டர் விமானம் ஒன்று. 'ஜி' என்ற எழுத்து கொண்டது. அதனால் 'ஜி ஃபார் ஜார்ஜ்'. 90 தடவை போய் 90 தடவையும் திரும்பியது. நூற்றுக்கு நாலு கணக்கில் பார்த்தால் 90 தடவை தாங்குவது நூற்றில் இரண்டோ மூன்றோ. அதைவிட ஆச்சரியம், அதில் ஏறிய ஒவ்வொருவரையும் அது உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1944-ல் அதை ஆஸ்திரேலியாவுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். யுத்தக் கடன் பத்திரம் விற்க ஊர் ஊராகப் பறக்கவிட்டார்கள். பக்கவாட்டில் அத்தனை குண்டு வரிசையையும் பார்த்து ஜனங்கள் பர்ஸைத் திறந்தார்கள். இன்று அதுவும் கான்பெராவில் 'பாலி'யின் வீட்டில்தான் இருக்கிறது.

இன்னொரு லங்காஸ்டர், 'எஸ் ஃபார் சுகர்'. ஆஸ்திரேலியாவின் 467-ம் ஸ்குவாட்ரன். 130 தடவைக்கு மேல் போய்வந்தது. ஹிட்லரின் விமானப் படைத் தளபதி கோயரிங், 'எதிரி விமானம் எதுவும் ஜெர்மனி மேல் பறக்காது' என்று ஒரு தடவை ஜம்பமடித்திருந்தார். ஒரு என்ஜின் ஃபிட்டர் அந்த வசனத்தை அப்படியே கோயரிங் பெயரோடு விமானத்தின் மூக்கில் எழுதி, அதன்மேல் குண்டு வரிசைகளை வரைந்து வைத்தார்! நம்ம ஊர் லாரிப் பொன்மொழிக்குக் கொஞ்சமும் சளைக்காத குசும்பு. லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப் படை மியூசியத்தில் இன்றும் படிக்கலாம்.

ஆனால் ஒன்று. கணக்கில் வரவு மட்டும் எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். அந்த ஒவ்வொரு மஞ்சள் குண்டும் ஏதோ ஒரு ஊரின் ஒரு ராத்திரி. கீழே ஃபாக்டரியும் இருந்தது, பால் கடையும் இருந்தது, தொட்டிலும் இருந்தது. வரைந்த பையன் தன் நண்பர்கள் திரும்பி வந்த சந்தோஷத்தை வரைந்தான். கீழே எரிந்ததை வரைய அந்த மூக்கில் இடம் இல்லை. 1945 மே மாதம் அதே 'சுகர்' ஐரோப்பாவிலிருந்து யுத்தக் கைதிகளை ஏற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கேட்டால் அதற்குத்தான் தனியாக ஒரு படம் வரைந்திருக்க வேண்டும்.

சிவப்புப் பொட்டு

அதிகாரபூர்வமான சின்னத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியா விமானங்களில் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என்று வட்டம் இருக்கும். ஜப்பான் விமானத்தில் வெறும் சிவப்பு வட்டம். வானத்தில் இருநூறு மைல் வேகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தால் 'நம்மாளா, அவனாளா?' என்று யோசிக்க நேரம் ஏது? சொந்தக்காரனே சொந்தக்காரனைச் சுடுகிற அபாயம். அதனால் 1942-ல் ஆஸ்திரேலியா நடுச் சிவப்பை அழித்தது. இந்திய விமானப் படையும் கிழக்கே பறந்த பிரிட்டிஷ் படையும் அப்படியே செய்தன. யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்து 1956-ல், வட்டத்தின் நடுவில் ஆஸ்திரேலியா ஒரு சிவப்புக் கங்காருவை உட்கார வைத்தது. இப்போது யாரும் குழம்ப முடியாது.

எங்களுக்கும் அந்த 1956 ஞாபகமான வருஷம். அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதிதான் செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது. அதுவரை நாங்கள் திருவிதாங்கூர்க் கணக்கு. எங்கள் தாத்தாக்களுக்கு சர்க்கார் என்றால் சங்கு முத்திரை.

மதராஸ் பணம், பல்லி முத்திரை

மலைக்கு இந்தப் பக்கம், அன்றைய மதராஸ் ராஜதானியின் பெயர் லண்டன் வானத்தில் பறந்தது தெரியுமா? யுத்த நிதிக்குப் பணம் வசூலித்துக் கொடுத்த ஊர்களின் பெயரை விமானத்துக்கோ ஸ்குவாட்ரனுக்கோ வைப்பது பிரிட்டன் வழக்கம். ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தின் விலை என்று அவர்கள் போட்டு வைத்திருந்தது 5,000 பவுன். மதராஸ் கொடுத்ததற்கு ஒன்றல்ல, மூன்று ஸ்குவாட்ரன்களுக்குப் பெயர் கிடைத்தது. 79, 234, 264. மூன்றுக்கும் 'மெட்ராஸ் பிரஸிடென்ஸி' என்று அடைமொழி. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு கவர்னர் ஆட்சி நடந்த காலம் அது. சட்டசபையில் எழுந்து 'எங்க பணம் எங்கே போகுது?' என்று கேட்க ஆள் இல்லை.

சரி, பெயர் வைத்தார்கள். சின்னம்? மைசூர் பெயர் கொண்ட 129-ம் ஸ்குவாட்ரனுக்கு மைசூரின் இரட்டைத் தலைக் கண்டபேருண்டப் பறவை. ஹைதராபாத் பெயர் கொண்ட 152-க்கு நிஜாமின் தலைப்பாகை. மதராஸுக்கு? 79-க்கு நெருப்பில் வேகாத ஒரு பல்லி. 234-க்கு தீ கக்கும் டிராகன். 264-க்கு ஒரு இரும்புத் தொப்பி. மூன்று ஸ்குவாட்ரனில் ஒன்றிலாவது ஒரு கோபுரம், ஒரு யாளி, அட, ஒரு பனைமரமாவது வைத்திருக்கக் கூடாதா?

அந்த 234-ல்தான் பாட் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலியர் பறந்தார். நியூ சவுத் வேல்ஸில் கூமா பக்கத்து கிராமத்துப் பையன். பிரிட்டிஷ் படையில் இருந்தும் தன் ஆஸ்திரேலியக் கருநீல யூனிஃபாரத்தை மாற்றாமல் போட்டுக்கொண்டிருந்தவர். 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஆஸ்திரேலியர்களில் அதிக வெற்றி அவருக்குத்தான். அந்த வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி ஒரு ஜெர்மன் விமானத்தைத் தாக்கியபோது இறந்தார். வயது 22. அவர் ஸ்குவாட்ரனின் பெயரோடு நம்ம மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மவுண்ட் ரோட்டில் நடக்கிற யாருக்கும் அவரைத் தெரியாது.

கொழும்புக்கு வந்த கங்காரு

இன்னும் கிட்டே வருவோம். சிங்கப்பூர் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானப் பாதை அறுந்தது. 1943 ஜூன் முதல் குவாண்டாஸ் கம்பெனி, பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலைக்குக் கடல் விமானம் விட்டது. 5,600 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் எங்கேயும் இறங்காமல். ரேடியோ பேசக் கூடாது, ஜப்பான்காரன் கேட்டுவிடுவான். நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. பெட்ரோல் பாரத்தில் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். ஒரு நாளைத் தாண்டி நீளும் பயணம். கிளம்பி இறங்குவதற்குள் சூரிய உதயத்தை இரண்டு தடவை பார்க்கலாம். பார்த்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று சர்ட்டிஃபிகேட் வேறு கொடுத்தார்கள்!

1944-ல் இதே கடலைத் தாண்ட லிபரேட்டர் என்ற பெரிய விமானங்கள் வந்து கொழும்பு பக்கத்தில் ரத்மலானையில் இறங்கின. அந்தச் சேவைக்குக் 'கங்காரு சர்வீஸ்' என்று பெயர். கேப்டன் ரஸ்ஸல் டாப் என்பவருக்கு ஒரு யோசனை. ஆஸ்திரேலிய ஒரு பென்னி காசில் இருக்கும் கங்காருவைப் பார்த்து, விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே வரைந்துவிட்டார்கள். குவாண்டாஸ் விமானத்தில் கங்காரு ஏறியது அதுதான் முதல் தடவை. இன்று ஏர்போர்ட்டில் வாலில் வெள்ளைக் கங்காருவோடு நிற்கும் விமானத்தைப் பார்த்தால், அதன் பாட்டன் நம்ம பக்கத்து வீடான இலங்கைக்கு யுத்த காலத்தில் தபால் கொண்டுவந்தவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரிலும் பழக்கம் விடவில்லை. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் தொடங்கிய சுகோய் பிரிவான 222-ம் ஸ்குவாட்ரனுக்கு 'டைகர் ஷார்க்ஸ்' என்று பெயர். புலியும் சுறாவும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டன!

அழிந்த மூஞ்சிகள்

யுத்தம் முடிந்தது. லங்காஸ்டர் மட்டும் 7,377 செய்திருந்தார்கள். அதில் நூறு தடவைக்கு மேல் போய்வந்தவை சுமார் 35. இன்று பறக்கிற நிலையில் இருப்பவை உலகத்திலேயே இரண்டு. ஒன்று இங்கிலாந்தில், ஒன்று கனடாவில். மீதி எல்லாம் ஸ்க்ராப். அலுமினியமாக உருக்கினார்கள். பெண்களும் சுறாக்களும் டொனால்ட் டக்கும் அடுப்பில் போனார்கள். பாத்திரமாக வந்திருக்கலாம். வரைந்த ஃபிட்டர்களில் பலர் படத்தில் பெயர் போடவில்லை. சர்க்கார் சொத்தில் கையெழுத்துப் போடுகிற துணிச்சல் எல்லோருக்கும் வருமா?

லாரியிலும் இப்போது அதே கதைதான். நாமக்கல், திருச்செங்கோட்டில் பாடி கட்டுகிற இடங்களில் பிரஷ் பிடிக்கும் பெயிண்டர்கள் குறைந்து, ஸ்டிக்கர் ஏறிவருகிறது. ஒரே பூதம், ஒரே கண், ஆயிரம் லாரிக்கு. அந்தப் புனலூர் அண்ணாச்சியின் வண்டியில் இருந்தது கையால் எழுதியது. இடது கண் கொஞ்சம் பெரிசு.

"யாரு வரைஞ்சது அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வயசாளி ஒருத்தரு. கை நடுங்கும், பிரஷ் எடுத்தா நடுங்காது" என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள். கியர் போட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த தடவை குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள், கையில் கேமரா போன் இருந்தால், அருவியை ஒரு படம் குறைத்து எடுத்துக்கொண்டு ஒரு கை எழுத்து லாரியைப் படம் எடுங்கள். பெயிண்டர் யாரென்று டிரைவரிடம் கேட்டு எழுதியும் வையுங்கள். அருவி அடுத்த சீசனுக்கும் வரும்.